கொடி பிடிக்கும் கை கணக்கும் பார்க்கட்டும்!

மாநாடு என்றால் பந்தல் கட்ட வாலிபன் வேண்டும். ஊர்வலம் என்றால் முன்வரிசையில் நின்று தொண்டை வறள முழக்கமிட வாலிபன் வேண்டும். பசை காய்ச்ச, நள்ளிரவில் ஏணி சுமக்க, தேர்தல் நாளன்று உச்சி வெயிலில் மேசை போட்டு உட்கார்ந்து வாக்காளர் பட்டியலில் பெயர் தேடிச் சொல்ல — அத்தனைக்கும் வாலிபன் வேண்டும். வேலை முடிந்ததும்? "தம்பி, நீ வீட்டுக்குப் போ. பெரியவர்கள் நாங்கள் பேசிக்கொள்கிறோம்" என்று தோளைத் தட்டி அனுப்பி வைக்கிறோம்.

பெரியவர்கள் கூடி எதைப் பேசுகிறோம்? தெருக்குழாயில் நான்கு நாளாக ஏன் தண்ணீர் வரவில்லை என்பதை. ரேஷன் கடையில் பருப்பு ஏன் பாதிக் கார்டுக்கு மேல் கிடைப்பதில்லை என்பதை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மத்தியானத்துக்கு மேல் டாக்டர் இருக்கிறாரா, இல்லையா என்பதை. பள்ளிக்கூடத்துக் கழிப்பறை பூட்டியே கிடப்பதை. இவற்றையெல்லாம் நம்மைவிட நன்றாக அறிந்தவர் யார்? சைக்கிளின் இரு பக்கமும் குடம் கட்டிக்கொண்டு அடுத்த தெருவுக்கு அலைகிற பையன். பாட்டியின் கைரேகை இயந்திரத்தில் விழவில்லை என்று மூன்று முறை கடைக்கும் வீட்டுக்கும் நடந்த பேரன். தாகம் எடுத்தாலும் தண்ணீர் குடிக்காமல், மாலை மணி அடிக்கும் வரை பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும் பள்ளி மாணவி. விவரம் அறிந்தவர்களை வாசலில் நிறுத்திவிட்டு, விவரம் கேள்விப்பட்டவர்கள் உள்ளே விவாதம் நடத்துகிறோம்!

ஊர்ச் சேவைகள் ஒழுங்காக நடக்கின்றனவா என்று பார்க்கும் வேலையையும், பார்த்ததை ஊரார் முன் எடுத்துச் சொல்லும் உரிமையையும் வாலிபர்களிடம் ஒப்படைக்க வேண்டும். இதுதான் நாம் சொல்ல வந்தது. 'கருத்துக் கேட்பது' பற்றி நாம் பேசவில்லை. அதைச் சர்க்காரே செய்கிறது. மண்டபத்தில் 'இளைஞர் கருத்தரங்கு' என்று பலகை மாட்டுகிறார்கள். பிஸ்கட்டும் தேநீரும் தருகிறார்கள். உங்கள் கனவு கிராமம் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்கிறார்கள். சான்றிதழ் கொடுத்து, புகைப்படம் எடுத்து, வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். எழுதிக் கொடுத்த தாள் எங்கே போயிற்று? எழுதியவனுக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. கனவைக் கேட்க வேண்டாம் ஐயா, கணக்கைக் காட்டுங்கள்! சென்ற மாதம் கடைக்கு எத்தனை மூட்டை வந்தது, எத்தனை மூட்டை போயிற்று, யார் யார் பெயரில் போயிற்று — அந்த நோட்டைக் காட்டுங்கள். மீதியை எங்கள் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.

"இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்று சிரிப்பவர்கள் உண்டு. நடந்திருக்கிறது. நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. பட்டணத்துப் பட்டதாரிகள் மட்டும் செய்த காரியமும் அன்று. கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் செய்து காட்டியது.

கதை ராஜஸ்தானத்தில் தொடங்குகிறது. ராஜ்சமந்த் மாவட்டத்தில் தேவ்துங்ரி என்னும் சிற்றூரை இருப்பிடமாகக் கொண்டு, 1990 மே தினத்தன்று ஒரு சங்கம் பிறந்தது. மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்பது அதன் பெயர்; தொழிலாளர், விவசாயிகள் பலம் சேர்க்கும் அமைப்பு என்று பொருள். சென்னையில் பிறந்து, ஐ.ஏ.எஸ். பதவியை உதறிவிட்டு வந்த அருணா ராய், நிகில் தே, சங்கர் சிங் ஆகியோர் அதை அமைத்தவர்கள். அங்கே ஏழைகளுக்குக் கிடைத்த வேலை பஞ்ச நிவாரண வேலை. மண் வெட்டிச் சுமந்தார்கள். ஆனால் சட்டம் சொன்ன குறைந்தபட்சக் கூலி கைக்கு வரவில்லை. கேட்டால், "நீங்கள் அளவுக்கு வேலை செய்யவில்லை, புத்தகத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது" என்றார்கள். "அந்தப் புத்தகத்தைக் காட்டுங்கள்" என்றார்கள் தொழிலாளர்கள். "அது சர்க்கார் ரகசியம்" என்று பதில் வந்தது!

எது ரகசியம்? வேலை செய்தவனுடைய பெயரும், அவன் வேலை செய்த நாளும், அவனுக்குக் கொடுத்ததாக எழுதிய கூலியும் அவனுக்கே ரகசியமாம்! வெள்ளைக்காரன் 1923ல் போட்ட ரகசியச் சட்டத்தின் வாசனை, அவன் போய் அரை நூற்றாண்டு ஆகியும் கிராமத்துப் பஞ்சாயத்து அலமாரியில் வீசிக்கொண்டிருந்தது.

சங்கத்தார் விடவில்லை. கிடைத்த நகல்களை வைத்துக்கொண்டு 1994 டிசம்பர் 2ஆம் நாள் கோட்கிரானா என்ற ஊரில் முதல் பொது விசாரணையை நடத்தினார்கள். பட்டியலைப் படித்தார்கள், பெயர் வந்தவர்கள் எழுந்து, வேலை செய்தோம், செய்யவில்லை, இவ்வளவு வாங்கினோம் என்று சொன்னார்கள். அவ்வளவுதான்! ஆனால் அந்த 'அவ்வளவுதான்' கேட்டு அதிகாரிகள் உலகம் கலங்கியது. 1996ல் பேவார் நகரில் 40 நாள் மறியல் உட்கார்ந்தார்கள். எங்கள் பணம், எங்கள் கணக்கு என்பது அவர்கள் முழக்கம். அந்தத் தீப்பொறிதான் பல ஆண்டு கழித்து, 2005 அக்டோபர் 12 முதல் நாடு முழுதும் நடப்புக்கு வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டமாயிற்று. (தமிழ்நாட்டில் 1997லேயே இப்படியொரு சட்டம் வந்தது உண்மை, இந்தியாவில் முதன்முதலாக வந்ததும் அதுவே. ஆனால் தர வேண்டியதைவிட, தர வேண்டாதவற்றின் பட்டியலே அதில் கனமாக இருந்தது.)

அதே 2005ல் கிராமப்புற வேலை உறுதிச் சட்டமும் வந்தது. நம் ஊர்ப் பெண்கள் 'நூறு நாள் வேலை' என்று அழைத்தது அதைத்தான். அதன் 17வது பிரிவு, எல்லா வேலைகளையும் கிராம சபையே தணிக்கை செய்ய வேண்டும், பஞ்சாயத்து அத்தனை பதிவேடுகளையும் சபையின் முன் வைக்க வேண்டும் என்று விதித்தது. 'சமூகத் தணிக்கை' என்று பெயர். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வேறொன்றை 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேற்றியிருக்கிறார்கள். அந்தச் சண்டை தனிக் கட்டுரைக்கு உரியது. இங்கே அந்த 17வது பிரிவால் விளைந்ததைப் பார்ப்போம்.

பல மாநிலங்களில் அது காகிதத்தில் தூங்கியது. கிராம சபை நாளன்று ஒரு தாளில் 'தணிக்கை செய்யப்பட்டது, குறை ஏதுமில்லை' என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள், முடிந்தது தணிக்கை. ஆந்திரம் வேறு வழியில் சென்றது. 2006ல் தொடங்கி, அனந்தப்பூர் முதலிய வறண்ட மாவட்டங்களில் ராஜஸ்தானத்துச் சங்கத்தாரின் துணையோடு பயிற்சி நடந்தது. 2009ல் இதற்கென்றே தனி அமைப்பு ஏற்பட்டது. ராஜஸ்தானத்தில் பணியாற்றிய சௌம்யா கிடாம்பி அதன் பொறுப்பை ஏற்றார். திட்டச் செலவில் அரை சதவீதத்தைத் தணிக்கைக்கென்று ஒதுக்கினார்கள். திட்டத்தை நடத்துகிறவர் தயவில் தணிக்கை செய்கிறவர் இருக்கக் கூடாது என்பதுதான் இதன் பொருள். அடுப்பங்கரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவன் சமையலைக் குறை சொல்வானா?

தணிக்கை எப்படி நடந்தது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நம் ஊழியர்கள் கற்க வேண்டியது இங்கேதான் இருக்கிறது.

முதலில், தணிக்கைக் குழு மண்டல அலுவலகத்திலிருந்து பதிவேடுகளை வாங்கும். வருகைப் பட்டியல், அளவுப் புத்தகம், பில், ரசீது எல்லாம். அடுத்து, கூலி வேலைக்குப் போகும் குடும்பங்களிலிருந்து எழுதப் படிக்கத் தெரிந்த வாலிபர்களைத் தேர்ந்தெடுப்பார்கள். ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. சட்டம் என்ன சொல்கிறது, பட்டியலை எப்படிப் படிப்பது, மண் வேலையை எப்படி அளப்பது என்று சில நாள் பயிற்சி. பிறகு ஊர்களுக்குப் புறப்படுவார்கள். சொந்த ஊருக்கு அன்று, அடுத்த ஊருக்கு. இந்த விதியைக் கவனியுங்கள். சொந்த ஊரில் மாமன் இருப்பான், மச்சான் இருப்பான், கடன் கொடுத்தவன் இருப்பான், வாய் அடைத்துப்போகும். பின்னர் 2011ல் மத்திய சர்க்கார் தணிக்கைக்கு விதிகள் செய்தபோது, அந்தந்தப் பஞ்சாயத்தில் குடியிருப்பவர் அங்கேயே தணிக்கைக்குப் போகக் கூடாது என்பதையும், ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது தணிக்கை நடக்க வேண்டும் என்பதையும் எழுதி வைத்தார்கள்.

ஊரில் வீடு வீடாகப் போவார்கள். "அம்மா, உங்கள் பெயரில் இத்தனை நாள் வேலை, இவ்வளவு கூலி என்று எழுதியிருக்கிறது. எத்தனை நாள் போனீர்கள்? எவ்வளவு வாங்கினீர்கள்?" — கேள்வி இவ்வளவே. வேலை அட்டையையும் பாஸ் புத்தகத்தையும் பட்டியலோடு ஒத்துப் பார்ப்பார்கள். சொன்னதை எழுதி, அவர்களுக்கே படித்துக் காட்டி, கையெழுத்தோ கைநாட்டோ வாங்குவார்கள். பிறகு வேலை நடந்த இடத்துக்கு நாடாவோடு போய் நீளம், அகலம், ஆழம் அளப்பார்கள். கண்டதை ஊர்க் கூட்டத்தில் படிப்பார்கள். கடைசியில் மண்டலத் தலைநகரில் பெரிய அதிகாரிகள் முன்னிலையில் பொது விசாரணை. அங்கே தொழிலாளி எழுந்து நின்று தன் வாயால் சொல்வான். எதிரே நிற்பவர் பதில் சொல்ல வேண்டும்.

என்னென்ன வெளிவந்தன! செத்தவர் பெயரில் கூலி. ஊரைவிட்டுப் போனவர் பெயரில் கூலி. வேலை செய்தவரின் கூலியில் தபால் நிலையத்திலேயே ஒரு பங்கு பிடித்தம். ஒரே குளத்துக்கு இரண்டு முறை பில். எடுத்த பணத்தை விசாரணை மேடையிலேயே திருப்பிக் கொடுத்தவர்களும் உண்டு. ஊர் பார்க்கத் திருப்பிக் கொடுத்தார்கள், தோழர்களே! அதிகாரியின் அறையில் மூடிய கதவுக்குப் பின்னால் நடக்கும் விசாரணைக்கும் இதற்கும் எத்தனை தூரம்!

இதை ஆடிட்டர்கள் ஏன் முன்பே கண்டுபிடிக்கவில்லை? அலுவலகத்து ஆடிட்டர் காகிதத்தைக் காகிதத்தோடு ஒப்பிடுகிறார். பில் இருக்கிறதா, இருக்கிறது. கையெழுத்து இருக்கிறதா, இருக்கிறது. கூட்டல் சரியா, சரி. திருடுகிறவன் கூட்டலில் தவறு செய்ய மாட்டான்! இந்த வாலிபர்களோ காகிதத்தை வீட்டோடு ஒப்பிட்டார்கள். செத்தவருடைய கையெழுத்து காகிதத்தில் அழகாக இருக்கும். வீட்டு வாசலில் போய்க் கேட்டால்தான் அவர் செத்த செய்தி தெரியும்.

இதனால் ஆந்திரத்தில் பாலும் தேனும் ஓடிற்று என்று நாம் சொல்லவில்லை. அங்கேயும் கசப்பு உண்டு. கண்டுபிடித்த மோசடித் தொகையில் வசூலானது சிறு பகுதிதான். ஆந்திரத் தணிக்கை அறிக்கைகளை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள் ஃபர்சானா அஃப்ரிதியும் வேகார்ட் ஐவர்சனும் இன்னொன்றையும் கண்டார்கள்: மோசடிக்காரர்களும் பாடம் படித்துக்கொண்டார்களாம். கூலியில் கை வைத்தால் வீட்டு வாசலில் அகப்பட்டுக்கொள்வோம் என்று தெரிந்ததும், சிமெண்டு, மணல், ஜல்லி என்று சாமான் பில் பக்கம் நகர்ந்துவிட்டார்கள். கூலி எவ்வளவு வந்தது என்று தொழிலாளி சொல்லிவிடுவாள். சுவரில் எத்தனை மூட்டை சிமெண்டு போயிற்று என்று எப்படிச் சொல்வாள்?

இங்கேதான் தமிழ்நாட்டு வாலிபரின் நினைவு வருகிறது. நம் ஊரில் ஐ.டி.ஐ. படித்தவன் இல்லாத தெரு எது? பாலிடெக்னிக்கில் சிவில் படித்துவிட்டு வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டே இருப்பவர்கள் எத்தனை பேர்! எஸ்டிமேட் படிக்கத் தெரியும். இந்த நீளத்துக்கு, இந்தக் கனத்துக்கு எவ்வளவு கலவை வேண்டும் என்று கணக்குப் போடத் தெரியும். பக்கத்தில் நம் கொத்தனார் தோழர் ஒருவரையும் நிறுத்துங்கள். கரண்டியின் பிடியால் சுவரைத் தட்டினாரானால், கலவை ஆறுக்கு ஒன்றா, பத்துக்கு ஒன்றா என்று அந்தச் சத்தத்திலேயே சொல்லிவிடுவார். பிள்ளையின் படிப்பும் தகப்பனின் கைப்பழக்கமும் சேர்ந்தால், எந்தச் சாமான் பில் தப்பிவிடும்? தகவல் உரிமைச் சட்டமும் இதற்குக் கதவு திறந்தே வைத்திருக்கிறது. காகித நகல் கேட்பது மட்டுமன்று. நடக்கும் வேலையை நேரில் பார்வையிடவும், சாமானில் மாதிரி எடுக்கவும் அதில் உரிமை உண்டு. நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

சரி, நம் ஊர் நிலைமை என்ன?

கிராம சபைக்குக் குறைவில்லை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்கு நாள் இருந்ததை, 2022ல் மார்ச் 22, நவம்பர் 1 இரண்டையும் சேர்த்து ஆறாக்கினார்கள். மக்கள்தொகைக்குத் தக்கபடி இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்ற விதியும் இருக்கிறது. ஆனால் கூட்டத்தைப் பாருங்கள்! வேலைக்கு வந்த பெண்களை அப்படியே கொண்டுவந்து உட்கார வைத்து எண்ணிக்கை காட்டுவதும், வராதவர் வீட்டுக்குக் கையெழுத்து நோட்டு நடந்து போவதும் நாம் பார்க்காத காட்சிகளா? தீர்மானத்தைக் கிளார்க் முதல் நாளே எழுதி முடித்திருப்பார். வாலிபர்கள் வேப்பமரத்தடியில் நின்று கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். "பொறுப்பில்லாத பிள்ளைகள்" என்று கிழவர்கள் முணுமுணுப்பார்கள். பொறுப்பு கொடுத்தால்தானே ஐயா பொறுப்பு இருக்கும்?

18 வயதில் வாக்குரிமை கொடுத்தோம். 1989லிருந்து நடப்பில் இருக்கிறது. பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்க 21 வயது போதும் என்கிறது அரசியல் சட்டம். சபையில் எழுந்து, "சென்ற ஆறு மாதத்து வரவு செலவைப் படியுங்கள்" என்று கேட்க 18 வயது நிரம்பிய வாக்காளராக இருந்தால் போதும். அதற்கும் கீழே உள்ள பிள்ளைகள்? கர்நாடகத்தில் கிராமப் பஞ்சாயத்துகள் குழந்தைகளுக்கென்று தனியாகவே கிராம சபை கூட்டுகின்றன. பிள்ளைகள் மனுக் கொடுக்கிறார்கள், கேள்வி கேட்கிறார்கள். நம் பள்ளிக்கூடத்துக் கழிப்பறையைப் பற்றிச் சாட்சி சொல்லத் தகுதி உள்ளவர் மாணவியே அல்லவா? அதிகாரி வருகிற அன்று கழிப்பறை பளபளக்கும்; வராத 200 நாளும் அதைப் பார்ப்பவள் அவள்தான்.

நகரத்துத் தோழர்களே, நீங்கள் ஒதுங்கிக்கொள்ள வேண்டாம். 2022ல் தமிழ்நாட்டு நகரங்களுக்கும் வார்டு குழு, பகுதி சபை என்று விதிகள் வந்தன. உங்கள் பகுதி சபை எங்கே, எப்போது கூடியது என்று உங்கள் வார்டில் பத்துப் பேரைக் கேளுங்கள். எத்தனை பேர் பதில் சொல்கிறார்கள் என்று பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

எங்கே தொடங்குவது? ரேஷன் கடையில் தொடங்கலாம். அது எல்லார் வீட்டுச் சட்டிக்கும் சம்பந்தப்பட்டது. 2013ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் தமிழ்நாட்டில் 2016 நவம்பர் முதல் நடப்பில் இருக்கிறது. அதன் 28வது பிரிவு, உள்ளாட்சி மன்றங்களோ அவற்றுக்கென்று அதிகாரம் பெற்ற அமைப்புகளோ நியாய விலைக் கடைகளில் அவ்வப்போது சமூகத் தணிக்கை நடத்தி, முடிவை வெளியிட வேண்டும் என்கிறது. சட்டம் நம் பக்கம் இருக்கிறது. செய்முறையும் கடினமில்லை. கடையின் இருப்புப் பதிவேடு ஒரு கையில். வீடு மறு கையில். பொருள் வாங்காமலே, வாங்கியதாகக் கைப்பேசிக்குச் செய்தி வந்ததா? எந்தத் தேதி? காட்டுங்கள். பருப்புக்குப் போய் எத்தனை முறை திரும்பினீர்கள்? சீனியை வீட்டில் நிறுத்துப் பார்த்தீர்களா? நூறு வீட்டில் இதைக் கேட்டு எழுதிவிட்டால், எந்த வட்ட வழங்கல் அலுவலரும் 'தனிப்பட்ட புகார்' என்று தள்ளிவிட முடியாது.

ஆனால் ஒன்று. கடை விற்பனையாளரின் சட்டையைப் பிடிப்பதற்காக நாம் பிள்ளைகளை அனுப்பவில்லை. இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். அவரும் சொற்பச் சம்பளத்துத் தொழிலாளி. கிடங்கிலிருந்து வரும் மூட்டையே எடை குறைந்து வருகிறது, கடை வாசலில் நிறுத்துக் கொடுங்கள் என்று ரேஷன் ஊழியர்கள் வெகு காலமாகக் கேட்டு வருகிறார்கள். மூட்டையில் இரண்டு கிலோ குறைந்தால் அந்தக் குறை யார் தலையில்? விற்பனையாளர் தலையில், அவர் அதை இறக்கி வைப்பது கார்டுதாரர் தலையில். ஏழைக்கும் ஏழைக்கும் சண்டை. மூட்டையிலிருந்து எடுத்தவன் சுகமாகத் தூங்குகிறான்! எனவே நம் வாலிபர்கள் லாரி வந்து நிற்கும் நேரத்திலும் கடை வாசலில் தராசோடு நிற்கட்டும். அன்று அந்த விற்பனையாளரே முதல் சாட்சியாக வருவார். அங்கன்வாடி ஊழியர், தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர், தூய்மைப் பணியாளர் எல்லாருக்கும் இதே நியாயம். முட்டை வரவில்லை என்றால், வாங்கி அனுப்ப வேண்டியவர் அனுப்பினாரா என்று மேலே கேட்க வேண்டும். ஆளே போடாமல் காலியாக வைத்திருக்கும் இடத்துக்கு யார் பொறுப்பு என்று இன்னும் மேலே கேட்க வேண்டும். கடைசிப் படியில் நிற்பவளை மிரட்டிவிட்டு 'தணிக்கை செய்தோம்' என்று மார்தட்டுவது தொழிலாளி வர்க்கத்துக்கு அழகன்று.

இனி, கசப்பான இடத்துக்கு வருவோம். நம் ஆளே தலைவராக இருக்கும் பஞ்சாயத்தில் என்ன செய்வது?

"எதிர்க்கட்சிக்காரனுக்கு நாமே கத்தியைத் தீட்டிக் கொடுப்பதா?" என்று கேட்கும் தோழர்கள் இருக்கிறார்கள். இந்தக் கேள்வி கிளைக் கூட்டங்களில் எழும், எழாமல் இராது. மாற்றான் பஞ்சாயத்தில் நாடா பிடித்து அளந்துவிட்டு, நம் பஞ்சாயத்துக்கு வந்ததும் நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டால், அந்தப் பிள்ளைகளுக்கு நாம் கற்பித்தது என்ன? கணக்குப் பார்க்கவா கற்பித்தோம்? ஆள் பார்க்கக் கற்பித்தோம்! நம் தலைவர் நேர்மையாளர் என்றால் அவருக்கு இதைவிடப் பெரிய விளம்பரம் வேறில்லை. சுவரொட்டிச் செலவு மிச்சம். நேர்மையாளர் அல்லர் என்றால் அந்தச் செய்தி முதலில் நமக்குத் தெரிய வேண்டுமா, தேர்தல் முடிவில் தெரிய வேண்டுமா? ஆகவே நம் கொடி பறக்கும் ஊரிலேயே முதல் தணிக்கை நடக்கட்டும். மேலே சொன்ன அந்த விதியையும் மறக்காமல், அடுத்த ஊர் வாலிபர்களே இங்கே வரட்டும். நம்மவர்கள் அங்கே போகட்டும். தணிக்கைக்குப் போகும்போது கட்சித் துண்டும் வேண்டாம், பேட்ஜும் வேண்டாம். எந்தக் கட்சி வீட்டுப் பிள்ளை ஆனாலும் சரி, எந்தக் கட்சியும் இல்லாத பிள்ளை ஆனாலும் சரி, வருகிறேன் என்றால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இது விளையாட்டு வேலை அன்று என்பதையும் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு மறைக்கக் கூடாது. ஜார்க்கண்டில் பலாமு மாவட்டத்தில், வேலை உறுதித் திட்டத்துக்குச் சமூகத் தணிக்கை ஏற்பாடு செய்துகொண்டிருந்த பொறியாளர் லலித் மேத்தா 2008 மே மாதம் கொலை செய்யப்பட்டார். குளத்துக் கணக்கைக் கேட்டவருக்குக் கிடைத்த கூலி! நம் ஊரிலும் மணலிலும் காண்டிராக்டிலும் கொழுத்தவர்கள் சாதுக்கள் அல்லர். அதனால்தான் ஒற்றை ஆளாக எந்தப் பிள்ளையும் மனுப் போடக் கூடாது, தனியாக எந்த வீட்டுக்கும் போகக் கூடாது என்கிறோம். ஐந்து பேர் சேர்ந்து போக வேண்டும். எழுதியதன் நகல் அன்றிரவே மூன்று இடத்தில் இருக்க வேண்டும். ஊர்க் கூட்டத்தில் அவர்கள் படிக்கும்போது சங்கத்துத் தொழிலாளிகள் நூறு பேர் எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும். வாலிபனின் துணிவு பெரிது என்று மேடையில் பாராட்டிவிட்டு, அடி விழும்போது மேடைக்குப் பின்னால் போய்விடுகிற பெரியவர்களாக நாம் இருக்கக் கூடாது.

பெண் பிள்ளைகள் இல்லாமல் குழு அமைக்க வேண்டாம். பிரசவத்துக்குப் போன இடத்தில் யார் கையில் எவ்வளவு வைக்க வேண்டியிருந்தது என்று ஒரு தாய் வாலிபனிடம் சொல்ல மாட்டாள், பெண்ணிடம் சொல்வாள். "இரவில் எப்படி அனுப்புவது?" என்று தகப்பனார்கள் கேட்பார்கள். பகலில் அனுப்புங்கள்; ஞாயிற்றுக்கிழமை போதும்.

மேகாலயம் 2017ல் சமூகத் தணிக்கைக்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. இந்தியாவில் முதன்முதலாக அதைச் செய்தது அந்தச் சின்னஞ்சிறு மலை மாநிலம். ஒரு திட்டத்துக்கு மட்டும் என்று இல்லாமல், சர்க்காரின் பல திட்டங்களும் சேவைகளும் மக்கள் தணிக்கைக்கு உட்பட வேண்டும் என்பது அதன் நோக்கம். தமிழ்நாட்டுக்கும் அப்படியொரு சட்டம் வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும். தணிக்கை செய்யும் பிள்ளைகளுக்குப் படி கொடுப்பதும், பணத்தை இன்ன தேதிக்குள் திருப்பிக் கட்ட வேண்டும், இல்லையேல் இன்ன தண்டனை என்பதும் அதில் இருக்க வேண்டும். ஆந்திரம் இடறி விழுந்தது அந்தக் கடைசி இடத்தில்தான். கண்டுபிடித்தவர்கள் வாலிபர்கள், வசூலிக்க வேண்டியவர்களோ அதே இலாகாக்காரர்கள்!

சட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. கிளைச் செயலாளர்கள் அடுத்த கிராம சபைக்கு 60 நாள் முன்பே வேலையைத் தொடங்க வேண்டும். தகவல் உரிமை மனுவுக்கு 10 ரூபாய், பதில் வர 30 நாள், வராவிட்டால் மேல்முறையீடு. பதில் வந்த பிறகு வீடு வீடாகப் போக மூன்று ஞாயிற்றுக்கிழமையாவது வேண்டும். ஓர் ஊருக்கு ஒரு ரேஷன் கடை, ஒரு பள்ளிக்கூடம் — முதல் தடவைக்கு இது போதும். பத்துக் காரியத்தைத் தொட்டுப் பத்தையும் பாதியில் விடும் நம் வழக்கம் இதில் வேண்டாம். பிள்ளைகளின் பஸ் செலவு, மத்தியானச் சாப்பாடு, நகல் எடுக்கும் செலவு மூன்றும் கிளை நிதியில் போகட்டும். அந்தச் செலவுக் கணக்கையும் ஊர்க் கூட்டத்தில் அதே பிள்ளைகளே முதலில் படித்துவிட்டு, பிறகு ரேஷன் கடைக் கணக்கை எடுக்கட்டும்.